ரயில் டிரைவரின் கொக்குகள்

எபி: …ஒரு தாள் கொக்குக்குக் கழுத்தே இல்லட்டி. இன்னொண்ணு கவுந்து கெடக்கு. ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "எபி சார், இது கோழியா?"ன்னு கேக்காவ.

சாலோமி: நீங்க என்ன சொன்னிய?

எபி: என்னத்தச் சொல்ல? கோழிதான்னேன்.

சாலோமி: சிரிச்சாவளா?

எபி: சிரிக்கல. எழுதிக்கிட்டாவ.

சாலோமி: சரி, மொதல்ல சாப்பிடுங்க. சொதி ஆறுது.

எபி: அது கெடக்கட்டும். ரயில் ஓட்டுதவனப் பிடிச்சு வகுப்புல உக்கார வச்சு, தாளை மடி, மனசு அமைதியாவும்னு சொல்லுதாவ. மடிக்க மடிக்கத்தான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுது.

சாலோமி: அந்த ஆளு உங்க வண்டி வரும்போது தண்டவாளத்துல வந்து நின்ன பொறவு நீங்க பட்ட பாடு… அதுக்காவத்தானே.

எபி: அதெல்லாம் எனக்கு எப்பமோ சரியாயிட்டு. கை நடுங்காம மடிச்சுட்டு வாங்க, வண்டிக்கு அனுப்புதேன்னாவ. கொண்டு போனேம்லா?

சாலோமி: ம்…

எபி: நேத்து டப்பாவுல வைக்கும்போது ஒவ்வொண்ணும் மூக்கும் முழியுமா இருந்துச்சு.

சாலோமி: பஸ்ல கூட்டம். நசுங்கியிருக்கும்.

எபி: டப்பா நசுங்கல. உள்ள இருக்க கொக்கு மட்டும் நசுங்குமோ?

சாலோமி: இஞ்சித் துவையல் வைக்கட்டுமா?

எபி: ஏட்டி, இங்கன பாரு.

சாலோமி: …நாந்தான் மாத்துனேன்.

எபி: எதை?

சாலோமி: உங்க கொக்கெல்லாம் அடுப்படியில இருக்கு. நான் மடிச்சத டப்பாவுல போட்டுவிட்டேன்.

எபி: அப்பம் அந்தக் கோழி நீ மடிச்சதா?

சாலோமி: அது கொக்குதான். மெனக்கெட்டு மடிச்சேன்.

எபி: ஏன்ட்டி இப்படிச் செஞ்ச? என் பொழப்புல்லா அது.

சாலோமி: தூக்கத்துல கைய நீட்டி பிரேக்கை இழுக்கிய. என் கை அங்கன கெடந்தா அதைப் பிடிச்சு இழுக்கிய, விட மாட்டேங்கிய. காலையில கேட்டா, நல்லாத் தூங்குனேங்கிய. இந்த மனுசன நான் எப்படி வண்டிக்கு அனுப்ப? கோவம்னா திட்டிருங்க. டாக்டரம்மா கடைசியா என்னதான் சொன்னாவ?

எபி: இன்னும் ரெண்டு மாசம் வண்டி ஓட்ட வேண்டாம், ஆபீஸ்ல இருங்கன்னுட்டாவ.

சாலோமி: நாளைக்கு நானே வந்து நடந்ததச் சொல்லிருதேன். நல்ல கொக்கையும் கொண்டாரேன். எம் புருசன் மடிச்சது இதுதான்னு காட்டுதேன்.

எபி: வேண்டாம்.

சாலோமி: எஞ்செயலுக்கு உங்க பேரு ஏன் கெடணும்?

எபி: வேண்டாம்னா விடேன்… அந்த நல்ல கொக்கெல்லாம் என்கூட வகுப்புக்கு வார மேலப்பாளையம் அகமது மீரான் மடிச்சுக் குடுத்தது. எனக்குத் தாளை நேராப் பிடிக்கவே கை நிக்க மாட்டேங்கு. டாக்டரம்மா ரெண்டு மாசம்னதும், அவிய முன்னால கோவப்பட்ட மாதிரி எந்திரிச்சு வந்துட்டேன்… வெளிய வந்த பொறவுதான்ட்டி எனக்கு மூச்சே சீரா வந்துச்சு.