கவிழ்த்த டம்ளர்

“மாமா, ஒளிஞ்சிருக்கறவங்க மூச்சு விடலாமா?” என்று என் அக்கா மகள் ஒருநாள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. விடலாம், ஆனால் எதிரி மூச்சு விடும்போது நாமும் சேர்ந்து விட வேண்டும் என்று சொன்னேன். இரண்டு நாள் அவள் தன் அப்பாவின் பின்னாலேயே, அவர் மூச்சோடு மூச்சு சேர்த்து நடந்து பழகினாள். அவர் தெரியாததுபோல் நடித்தார்.

பலகையில் சாய்ந்து கிடந்த ஈயப் பொம்மையைப் பற்றிக் கேட்டீர்கள், ஐயா. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஆட்டத்தையும் சொல்லியாக வேண்டும். எழுதுகிறவருக்குக் கை வலிக்காதபடி நிதானமாகவே சொல்கிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிறவன். கீழே பட்டறை, மேலே ஓர் அறை. ஆறு வருஷமாக ஞாயிறு மதியம் நாங்கள் நான்கு பேர் அந்த அறையில் கூடுவோம். மருந்துக்கடை அக்கா கதையை நடத்துவார். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். தையல்காரர் மந்திரவாதி. என் அக்கா புருஷன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், கேடயம் தூக்கிய வீரன். நான் திருடன். விரல் உயரப் பொம்மைகளைக் கட்டம் போட்ட பலகையில் நகர்த்துவோம். அடியும் வெட்டும் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அத்தானுக்காகப் பகடை உருட்டுவது அவர் மகள். இப்போது அவளுக்கு ஒன்பது.

என் திருடன் அந்த ஆறு வருஷத்தில் நாற்பத்தொரு பேரைப் பின்னாலிருந்து முடித்திருக்கிறான். மருந்துக்கடை அக்கா அதை வர்ணிப்பதே தனி. “கத்தி காதுக்குக் கீழ எறங்குது. அவன் கத்தணும்னு வாயத் தொறக்கறான், ரத்தந்தான் வருது,” என்பார், சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று மாத்திரை சொல்கிற அதே குரலில்.

“சண்டைல பாதி நேரம் இவன் எவன் முதுகுக்குப் பின்னாடியாவது நிப்பான்,” என்று தையல்காரர் சீண்டுவார். “கடைசில வந்து குத்திட்டுப் பேர் வாங்கிக்குவான்.”

“நிக்கட்டுமே, என் முதுகு அகலமாத்தான இருக்கு,” என்பார் அத்தான்.

அது உண்மை. எங்கள் விதிப்படி ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் கண்ணெதிரே ஒளிய முடியாது. சுவரோ புகையோ இருட்டோ வேண்டும். எதுவும் இல்லையென்றால் நம்மைவிடப் பெரிய கூட்டாளியின் உடம்பு வேண்டும். ஒளிவதற்கே நம் ஆட்ட முறை ஒன்று செலவாகும். பிறகு மெல்ல நகர வேண்டும். எதிரியின் கவனம் வேறெங்காவது இருந்தால் அடி இரட்டிப்பாக விழும். ஆனால் அடித்த கணமே ஒளிவு போய்விடும்; பட்டாலும் சரி, தவறினாலும் சரி. அதனால் முதல் அடியிலேயே முடிப்பது நல்லது. பெரும்பாலும் நான் அத்தானின் வீரனுக்குப் பின்னால்தான் ஒளிவேன். எனக்கு வர வேண்டிய அம்புகளை அவர் வாங்குவார். ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

இன்னொரு வழக்கமும் எங்களுக்கு உண்டு. ஒளிந்தவனின் பொம்மை பலகையில் நின்றால் எல்லார் கண்ணும் அதன்மேலேயே போகும். அதனால் அதை எடுத்து, மேசை ஓரத்தில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து அதற்குள் வைத்துவிடுவோம். ஆடுகிறவன் அடுத்த மூன்று நகர்வுகளைச் சீட்டில் எழுதி மருந்துக்கடை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் ஸ்டூலில் உட்கார வேண்டும், அவன் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால். அவனை யாரும் பார்க்கக் கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது. டம்ளருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லக் கூடாது. திரையை முன்மொழிந்தது நான்தான். அதன் பின்னால் பட்டறைக்கு இறங்கும் படி இருப்பது அப்போது என் நினைவிலேயே இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

நான் கடவுள் பயம் உள்ளவன். பெரிய தர்மங்கள் செய்ய வசதியில்லை. உடைந்த கண்ணாடிக்குத் திருகாணி போட்டுக் கொடுத்தால் கை நீட்டி எதுவும் வாங்க மாட்டேன். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. அவள் கல்யாணமான பின்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். பாப்பாவுக்குத் தினமும் தலை பின்னிவிடுகிறவன் நான். அந்த வீட்டை அத்தான் கலைக்கப் பார்த்தார். வெளியூரில் பெரிய மின்வேலை கிடைத்திருக்கிறது, வியாழக்கிழமை கிளம்புகிறோம் என்றார். பெட்டி கட்டும்போது அக்கா அழுதாள். யாருக்காக அழுதாள் என்று எனக்குத் தெரியும்.

“நீயும் வா மாப்ள, உனக்கும் சேத்துத்தான் ரூம் பாத்திருக்கேன்,” என்று அத்தான் சொன்னார். மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தேன். மூன்று பேர் நிம்மதியாக இருக்கலாம். நான்காமவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. என் மனசாட்சிக்கு அது நியாயமாகப் பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வில்லை தேய்க்கும் மெஷினுக்கு அடியில் ஒரு கம்பியை உருவி வைத்தேன். பக்கத்திலிருந்த மெருகு மெஷினை ஓட விட்டேன். சத்தமும் ஒரு மறைவுதான். அவருக்கு முழங்கால் வலி உண்டு. தரையில் படுக்கும்போது உறுத்தக் கூடாதென்று ஒரு சாக்கை நான்காக மடித்துப் போட்டேன்.

மதியம் பலகையில் ஓர் அரக்கன் கோடாலியோடு வந்தான். நான் அவனைக் குத்தியிருக்கலாம். குத்தாமல் அத்தானின் வீரனுக்குப் பின்னாலிருந்து விலகினேன். கோடாலி அவர் விலாவில் இறங்கியது. வீரன் நினைவு தப்பி விழுந்தான்.

“என்னடா, முதுகு காலியா இருக்கு,” என்று அத்தான் சிரித்தார். “சரி, எனக்கு இப்ப வேலையில்ல. ஏதோ மெஷின் ஓடலன்னியே, பாத்துட்டு வந்துர்றேன். பாப்பா, அப்பாவச் சாக விட்றாத.”

அவர் முன்படி வழியாக இறங்கினார். நான் மூன்று நகர்வுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனேன். அடுத்த முறை தையல்காரருடையது. துணி வெட்டுவதுபோல ஒவ்வொரு மந்திரத்தையும் இரண்டு தடவை அளப்பார். கால்மணி நேரம் நிச்சயம்.

நான் செய்த ஒரே தவறு இதுதான்: பொம்மையை டம்ளருக்குள் வைக்கவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தனியாக இறங்க மனம் வரவில்லை.

அத்தான் மெஷினுக்கு அடியில் தலையை விட்டுக் குப்புறப் படுத்திருந்தார், சாக்கின் மேல். அது எனக்கு நிறைவாக இருந்தது. வில்லை தேய்க்கும் இரும்பு அச்சு மூன்று கிலோ இருக்கும், கைக்கு அடக்கமானது. அவர் மூச்சோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டே போனேன்.

முதல் அடி தவறித் தோளில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவர் தலையை வெளியே இழுத்துப் புரண்டு என்னைப் பார்த்தார். ஒளிவு போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது வேறு.

“மாப்ள, யாரோ அடிக்கிறான். உள்ள யாரோ இருக்கான். நீ மேல போ, பாப்பாவப் பாத்துக்க.”

என்னைக் கண்ணுக்கு நேரே பார்த்தும் அவருக்கு நான் தெரியவில்லை. இப்படி ஓர் ஒளிவு எந்த விதியிலும் கிடையாது. இரண்டாவது அடியை நெற்றியில் போட்டேன். மண்டை உள்வாங்கியது. கால்கள் சாக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. மூன்றாவது அவர் கஷ்டப்படக் கூடாது என்பதற்காக. நான்காவதும் அதற்காகத்தான். கழன்று விழுந்த கண்ணாடியைத் துடைத்து அவருக்கே மாட்டிவிட்டேன். அது நான் செய்து கொடுத்தது. முகமெல்லாம் ரத்தம், கண்ணாடி மட்டும் எப்படிச் சுத்தம் என்று நீங்கள் குழம்பினீர்களாம். அது இப்படித்தான்.

அச்சைக் கழுவித் தட்டில் வைத்தேன். தொட்டியில் இருந்த, வில்லை தேய்த்த வெள்ளைச் சேறு கொஞ்சம் சிவந்து அடங்கியது. கீழே வந்ததும் மாட்டியிருந்த வேலை மேலங்கியை அதிலேயே ஊறப்போட்டேன். பொம்மை இருக்கிறதா என்று சட்டைப்பைக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். நீங்கள் அதில் பார்த்த கறை அப்போதுதான் பட்டிருக்க வேண்டும். மேலே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். தையல்காரர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவர் மந்திரத்தை முடித்ததும் பாப்பா, “அப்பாவக் கூட்டிட்டு வரேன்,” என்று எழுந்தாள். ஒரு குழந்தை அதைப் பார்க்கலாமா? திரைக்குப் பின்னாலிருந்தே, “நீ போகாத பாப்பா, தையல்காரரப் போகச் சொல்லு,” என்றேன்.

“ஒளிஞ்சவன் வாயத் தொறந்துட்டான், அக்கா. ஒளிவு போச்சு, எழுதிக்குங்க,” என்று சிரித்துக்கொண்டே அவர் இறங்கிப் போனார்.

நான் அறையை விட்டு நகரவே இல்லை என்று தையல்காரரும் மருந்துக்கடை அக்காவும் சத்தியம் செய்தார்கள். பொய் சொல்லவில்லை, பார்க்கக் கூடாது என்கிற பழக்கம் அப்படி. பாப்பா மட்டும் இடையில் டம்ளரைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். உள்ளே ஒன்றும் இல்லை. விதிப்படி யாரிடமும் சொல்லாமல் பதினோரு நாள் வைத்திருந்திருக்கிறாள். நேற்று உங்களிடம் சொன்னபோது, கற்பனை பண்ணுகிறாள் என்று அக்கா அதட்டினாளாம். அதனால்தான் நான் வந்தேன். ஒரு குழந்தையைப் பொய்க்காரி ஆக்குவது பாவம், ஐயா. அத்தானைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவளை மட்டும் யாரும் எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் தலை பின்ன நேரமாகும் என்று அக்காவிடம் சொல்லி அனுப்புங்கள். இறுக்கிப் பின்னினால் அவளுக்கு வலிக்கும்.

பொம்மை பற்றி மிச்சம் இருக்கிறது. தையல்காரரின் அலறல் கேட்டதும் மருந்துக்கடை அக்கா குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அறையில் நான் மட்டும். பலகையில் அத்தானின் வீரன் விழுந்து கிடந்தான். அரக்கன் கோடாலியை ஓங்கி நின்றான். அடுத்த முறை அவனுடையது. நான் திருடனைப் பையிலிருந்து எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தேன். அரக்கனுக்காகப் பகடையை நானே உருட்டினேன். பதினேழு. திருடன் செத்தான். அவனைச் சாய்த்து வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

ஆறு வருஷம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றவன் நான். அந்தக் கடனை யாரும் பார்க்காதபோது தீர்த்துவிட்டேன். பலகையை நீங்கள் கலைக்காமல் எடுத்து வைத்திருந்தால் போய்ப் பாருங்கள். அத்தான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.