மேடையில் போட வந்த மாலை

ஜனவரியில் கனடாவின் மொன்றியலில் மாலை கட்டப் பூ வாங்குவது கொஞ்சம் சிரமம்தான். கடைகடையாக ஏறி இறங்கி, வெள்ளைக் கார்னேஷன் வாங்கி, நானே ஊசிநூலில் கோர்த்தேன். மனைவிமேல் அன்பில்லாதவன் இதைச் செய்வானா?

அவள் பெயர் யோசெப்பின். சென்ட் லோரன்டில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை. அங்கே கூட வேலை செய்த எல் சல்வடோர், குவாத்தமாலாப் பெண்கள் 2008இல் ஒரு நாடகம் போட்டார்கள். புருஷனிடம் அடிவாங்கிய பெண்களின் கதை. கிராசியேலா என்பவள் இயக்கினாள். யோசெப்பினுக்கு ஸ்பானிஷ் தெரியாது, ஆகவே வசனமில்லாத பாத்திரம். மேசையில் சாப்பாட்டுக் கோப்பையை வைப்பாள், பயந்து எடுப்பாள், திரும்பவும் வைப்பாள். அந்த நாட்டு ஆண்கள் இப்படியா என்று எனக்குப் பாவமாக இருந்தது.

எங்கள் மன்னாரில் கூத்து நடக்கும்போதே உறவினர் மேடையேறி ஆடுபவருக்கு மாலை போடுவார்கள். அதுதான் மரியாதை. நானும் முன்வரிசையிலிருந்து எழுந்து மாலையோடு ஏறினேன்.

என்னைக் கண்டதும் யோசெப்பின் கோப்பையைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு மேசைக்கடியில் சுருண்டாள்.

"இல்லையப்பா, இனிச் செய்யமாட்டன், அடிக்காதேங்கோ."

சபை எழுந்து நின்று கைதட்டியது. அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். கிராசியேலா கண்ணீரோடு என் கையைப் பிடித்து, அடுத்த முறையும் மாலையோடு வாருங்கள் என்று பிரெஞ்சில் கெஞ்சினாள்.

அடுத்த முறை, தவக்காலத்தில், எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில். சுவாமியாரே அழைத்திருந்தார். எங்கள் சனம் முழுக்க வரும். அது நடிப்பில்லை என்று அவர்களுக்கு விளங்கிவிடும்.

நான் மூர்க்கன் அல்ல. அவளை ஒருநாளும் முகத்தில் அடித்ததில்லை. அன்றும் பண்பாகத்தான் சொன்னேன்.

"யோசெப்பின், அந்த நாடகத்துக்குப் போகாதையும்."

"போகத்தான் போறன்," என்றாள். "இந்த முறை நான் தமிழிலயே கதைப்பன்."

நாடகத்தன்று காலை மைனஸ் இருபது. எங்கள் மாடிவீட்டுக்கு வெளியே வளைந்து இறங்குகிற இரும்புப் படி. அதில் ஒரு கேத்தல் தண்ணீர் ஊற்றிவிட்டு, உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தேன். மேல்படியில் கால் வைத்தவள் தெருவில்தான் போய் விழுந்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் முடிந்தாள். பனியில் சறுக்கிய விபத்து என்று எழுதினார்கள். நான் உண்மையாகவே அழுதேன்.

ஒரு வருடமாக யாரும் கேட்காததை இன்று ஏன் நானாகப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து சொல்கிறேன் என்கிறீர்கள். நேற்று கிராசியேலாவின் புதிய நாடகம் பார்த்தேன். யோசெப்பினின் கதை. அதில் புருஷன் அவளை இரண்டு கைகளாலும் பிடித்துப் படியிலிருந்து தள்ளுகிறான். சுவாமியாரும் சனமும் அதை நம்பிக்கொண்டு பார்த்தார்கள். எனக்கு மனம் நொந்துவிட்டது. அன்று நான் அவள்மேல் விரல்கூட வைக்கவில்லை. தண்ணீர் மட்டும்தான் ஊற்றினேன். தயவுசெய்து அந்தக் காட்சியைத் திருத்தச் சொல்லுங்கள்.