ரெண்டு ரெண்டா எடுத்த படம்

ஒரு நாள் ட்ரெய்னிங் எந்த மூலைக்கு ரஞ்சன் தம்பி? மூணு நாள் வேணும். ஆன்லைன்லாம் ஆகாது, ஆள் இங்க ஜூரோங்ல என் குடோனுக்கே வரணும். என்ன சிரிக்கிறீங்க? தேக்கா மார்க்கெட்டுல பழைய ரேடியோ வித்து ஏறி வந்தவன் லா நான். பேரம் பேசாம தண்ணி பாட்டில் கூட வாங்குனதில்ல.

உங்க சாப்ட்வேர் நல்லாருக்கு, இல்லேங்கல. இந்தப் பழைய எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புல எதப் பாத்தாலும் ஆன்டெனா புடுங்குன டிவி மாதிரி புள்ளியாத்தான் கொட்டும். நீங்க ஒரு தட்டு தட்டுனீங்க, சிப்புக்குள்ள கம்பி கம்பியா தெரியுது. இருங்க, எப்படின்னு நான் சொல்றேன். ஒரே இடத்த ரெண்டு தடவ எடுக்கணும். ரெண்டும் குப்பையாத்தான் இருக்கும். ஆனா புள்ளி இடம் மாறி மாறி விழும், பொருள் மட்டும் அசையாது. அத வச்சே கம்ப்யூட்டர் கத்துக்கும். சரியா?

எனக்கு எப்படித் தெரியுமா? தெரிஞ்சுச்சு, லேட்டா.

நம்ம தொழில்ல பழைய மெஷின விக்கிறதுக்கு முன்னாடி டிஸ்க்குல இருக்கறத அழிச்சுத் துடைச்சுடணும். முன்னாடி வச்சிருந்தவன் ரகசியம் வெளிய போகக் கூடாதுல்ல. மூணு வருஷத்துக்கு முன்னாடி, இதே இடத்துல நின்ன மெஷின்ல ஒரு பொண்ணு படிப்புக்குப் படம் எடுத்துச்சு. எட்டு மாசம், சனி ஞாயிறு பூரா. நான் திறந்து பாத்தேன். வெறும் புள்ளி, அதுவும் ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டு. குப்பைன்னு துடைச்சு மெஷின வித்துட்டேன்.

அந்தப் பொண்ணு வந்து பாத்துட்டு நின்ன எடத்துலயே அழுதுச்சு. தப்புதான்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். இன்னொரு காப்பி எடுத்து வைக்கத் தெரியாதவளுக்கு என்னடி படிப்புன்னு கத்தினேன். நம்ம வாய் அப்படி.

சரி விடுங்க. விலை நீங்க சொன்னதே இருக்கட்டும். ட்ரெய்னிங் ஒரு நாளே போதும். ஆனா அதுக்கு யும்னாதான் வரணும். ஆமா, உங்க ஆபீஸ்ல இத எழுதுன யும்னா. இப்பவே போன் போட்டுக் கேளுங்க.

என்னவாம்?

மத்த கம்பெனிக்கெல்லாம் போகுமாம், இங்கன்னா மட்டும் வராதாமா. ம்.

அப்ப இந்த டிஸ்க்க மட்டும் அதுகிட்ட குடுத்துடுங்க. அந்த மெஷின வித்ததுக்கப்புறம் இங்க வந்த ஒவ்வொரு மெஷின்லயும் நானே உக்காந்து எடுத்த படம். எல்லாம் ரெண்டு ரெண்டு தடவ. ஒண்ணையும் துடைக்கல.

யாரு குடுத்ததுன்னு கேட்டா என்ன சொல்றதா? கேக்காது தம்பி. மேல எழுதி ஒட்டிருக்கேன்ல, வாப்பா கையெழுத்து புள்ளைக்குத் தெரியாதா. கோப்பியக் குடிங்க, ஆறுது.