சூளைத் திடல் பூங்கா

இந்த ஊரில் புல் வளர்ப்பது பெரிய காரியமே இல்லை. பதித்துவிட்டால் போதும், மழை பார்த்துக்கொள்ளும். கஷ்டம் எல்லாம் இடத்தைச் சுத்தம் செய்வதில்தான்.

எனக்கு இங்கிலீஷ் தெரியும், இன்ஸ்பெக்டர் ஐயா. துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனிக்குத் தலைமைக் குமாஸ்தா நான். இருந்தாலும் இதைத் தமிழில் சொல்லத்தான் வருகிறது. உங்கள் மொழிபெயர்ப்பாளர் நிதானமாக எழுதிக்கொள்ளட்டும்.

தேக்காச் சந்தையைத் தாண்டி, குதிரைப் பந்தயத் திடலுக்குப் பின்னால், மூடிப்போன செங்கல் சூளை ஒன்று இருந்தது. மண் எடுத்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கி ஒரே கொசு. சுற்றுத் தெருக்களில் காய்ச்சல் நுழையாத வீடு கிடையாது. என் மகள் ஜோசபின் அந்தக் காய்ச்சலில்தான் போனாள். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்தபின் நான் அழுதுகொண்டு உட்காரவில்லை. நகராட்சிக்குப் போய், அந்த இடத்தை எங்களிடம் விடுங்கள், நாங்களே பூங்காவாக்கித் தருகிறோம் என்று கேட்டேன். கொடுத்தார்கள். ஆனால் கிறிஸ்துமஸுக்குள் முடிக்காவிட்டால் இடத்தை ஏலத்தில் விட்டுவிடுவோம் என்றும் சொன்னார்கள்.

அந்த ஜனங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு எங்கள் மாதாகோயில்காரர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். துணிக்கடை நூர்தீன் பாய் தம் பள்ளிவாசல் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். கன்னியர் பள்ளியில் பாடம் நடத்தும் பிரிஜட் டீச்சர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கன்றுகள் நட்டார். பால்காரர்கள் கூலி வாங்காமல் மாட்டுவண்டி ஓட்டினார்கள். பள்ளங்கள் ஒவ்வொன்றாகத் தூர்ந்தன. அந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்கும் காய்ச்சல் வரவில்லை. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மிச்சம் இருந்தது சூளை. அதற்குள் முத்துசாமி இருந்தார்.

சூளை ஓடிய காலத்தில் அங்கே கல் அடுக்கியவர். அடுக்கு சரிந்து கால் நசுங்கியது. முதலாளி சூளையை மூடிவிட்டுப் போனார், இவர் போகவில்லை. வளைவுக்கூரைக்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்திருப்பார். காலில் ஆறாத புண். பிரிஜட் டீச்சர் வரும்போதெல்லாம் அவருக்குக் கஞ்சி கொண்டுவருவார்.

நான் முயலவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன், நொண்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். மறுபடி சேர்த்தேன், மறுபடி வந்தார். ஆதரவற்றோர் விடுதியில் இடமில்லை என்றார்கள். போலீசில் சொன்னேன்; குற்றம் செய்யாதவனை என்ன செய்வது என்று உங்கள் ஆட்களே கைவிரித்தார்கள். கடைசியில் அவரிடமே கேட்டேன்.

"ஊருக்குக் கப்பல் ஏத்தி விடட்டுமா முத்துசாமி?"

"ஊர்ல யாருங்கய்யா இருக்கா? கால் போனது இங்க. நானும் இங்கயே போயிடறேன். உங்க பூங்காவுக்கு நான் என்ன தொந்தரவு பண்ணப் போறேன்?"

நல்ல மனிதர்தான். ஆனால் நகராட்சி எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு, சூளையும் அந்த ஆளும் இருக்கிறவரை இதைப் பூங்கா என்று எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மறுபடி வருவேன் என்றார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியிருந்தது.

சூளையை இடிக்க நாள் குறித்திருந்த அந்த ஞாயிறு காலை எல்லோருக்கும் முன்னால் நான்தான் சூளைக்குள் போனேன். முத்துசாமி சுருண்டு கிடந்தார். நெற்றியைத் தொட்டேன். ஜோசபினுக்குச் சுட்டது போலவே சுட்டது. அந்தச் சூடு எனக்குத் தெரியும். இவர் பிழைக்கப் போவதில்லை என்று தோன்றியது.

"இன்னிக்கு எந்திரிக்க முடியலய்யா. நாளைக்குப் போயிடறேன்" என்றார்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். வெளியே வந்தேன்.

தூக்கிக் கொண்டுவந்து வெளியே கிடத்தியிருக்கலாமே என்பீர்கள். கிடத்தியிருக்கலாம். எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வண்டி தேடி ஓடியிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் தேறி, பழையபடி நொண்டிக்கொண்டு வந்திருப்பார்.

ஆட்கள் சேர்ந்ததும் பிரிஜட் டீச்சர் கஞ்சித் தூக்கோடு வந்தார்.

"அண்ணே, அவரு எங்க?"

"காலையிலயே ஆஸ்பத்திரி வண்டி வந்து கூட்டிட்டுப் போயிடுச்சு டீச்சர். உள்ள பாத்துட்டுதான் வர்றேன். யாரும் இல்ல."

டீச்சரின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அந்தக் கஞ்சியைக் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஆட்களுக்கு ஊற்றிக் கொடுத்தார்.

சூளைப் புகைபோக்கியின் தலையில் கயிறு கட்டி இழுத்துச் சாய்ப்பதாக ஏற்பாடு. நூர்தீன் பாய் ரோட்டுப் பக்கம் சாய்க்கலாம் என்றார்.

"அந்தப் பக்கம் டீச்சர் நட்ட கன்னுங்க இருக்கு பாய். இந்தப் பக்கமே விழட்டும்" என்றேன்.

இந்தப் பக்கம் என்றால் வளைவுக்கூரையின் மேல். அவர் சரி என்றார். எல்லோரும் என்னை நம்பினார்கள். அவர்கள் மேல் எந்தத் தப்பும் கிடையாது. கயிற்றின் முன்னால் நூர்தீன் பாய், பின்னால் எங்கள் கோயில் ஆட்கள். "ஏலேலோ" என்று பாடிக்கொண்டே இழுத்தார்கள். புகைபோக்கி விழுந்தது. கூரை உள்ளே போயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள்.

இடிபாட்டை அள்ள வேண்டாம், மண்ணைக் கொட்டி மேடாக்கிப் புல் பதித்துவிடலாம் என்பதும் என் யோசனைதான். மறுநாள் எஞ்சினியர் வந்து என் கையைக் குலுக்கினார். கிறிஸ்துமஸுக்கு முன்பே பூங்கா திறந்தது. இப்போது சாயங்காலம் போனால் பிள்ளைகள் அந்த மேட்டில் ஏறி உருண்டு விளையாடுவதைப் பார்க்கலாம்.

பிரிஜட் டீச்சர் அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவார் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியிருக்கிறார். "எங்கயும் இல்லயே அண்ணே" என்று என்னிடம் வந்து நின்றார். ஊருக்குக் கப்பல் ஏறியிருப்பார் என்றேன். டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போய்விட்டார்.

அடுத்து நூர்தீன் பாய் வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வாசற்படியைத் தாண்டவில்லை.

"அண்ணே, நான்தான் முன்கயிறு பிடிச்சேன். இழுக்கும்போது உள்ளருந்து ஒரு சத்தம் கேட்டுச்சு. பாட்டுச் சத்தம்னு நெனச்சுட்டேன். அது பாட்டுதானே அண்ணே? நீங்க சொன்னா நம்புறேன்."

"பாட்டுதான் பாய்" என்றேன்.

அவர் தம் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். கயிறு அறுத்த காயம் ஆறித் தழும்பாகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் கடை திறக்கவில்லை என்கிறார்கள். மேட்டின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாராம். யார் கூப்பிட்டாலும் எழுந்திருப்பதில்லையாம். அவர் மனைவி ஜைனப் என்னிடம் வந்து அழுதார். நான் என்ன செய்ய முடியும்? உண்மையைச் சொன்னாலும் அவர் தேற மாட்டார், சொல்லாவிட்டாலும் தேற மாட்டார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் டீச்சர் உங்களிடம் வந்திருக்க வேண்டும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

உள்ளே ஆள் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இழுக்கச் சொன்னேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

சத்தம் எனக்குக் கேட்டதா என்றீர்கள். கேட்டது. நான் கயிறு பிடிக்கவில்லை. சூளை வாசலுக்குப் பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன்; நான் கையை இறக்கினால் கடைசி இழுப்பு என்று பேசிவைத்திருந்தோம். அதனால் மற்றவர்களைவிட எனக்குத் தெளிவாகவே கேட்டது. "இருங்கய்யா, எந்திரிச்சுட்டேன், இதோ வந்துடறேன்" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து வைக்கும் ஓசையும் கேட்டது. நான் கையை இறக்கினேன்.

ஒன்றை மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும், ஐயா. காப்பாற்றுங்கள் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பேன்.