கப்பல் ஆடேல்லை

ஹம்பேர்க் துறைமுகத்தில் ஹோட்டலாக மாறிவிட்ட பழைய பயணிகள் கப்பல். குளத்துப் படகிலேயே வாந்தியெடுக்கும் நான், மனைவியின் ஆசைக்காக அறைச் சாவி வாங்கும் வரிசையில் நின்றேன். முன்னால், தங்கி முடித்த யாழ்ப்பாணத் தம்பதி கருத்துப் படிவம் நிரப்பினார்கள்.

“கப்பல் ஆடேல்லை எண்டு எழுதும்,” என்றார் கணவர்.

“கட்டில், பித்தளை விளக்கு, காலமைச் சாப்பாடு எல்லாம் திறம் எண்டு எழுதிப்போட்டன். இதென்ன குறையப்பா?”

“கப்பலெண்டா கொஞ்சமெண்டாலும் ஆட வேணும்.”

“கட்டி வைச்ச கப்பல் எப்பிடி ஆடும்?”

“அப்ப கயித்தை அவிழ்க்கச் சொல்லி எழுதும்.”

“நாங்கள்தான் வெளிக்கிட்டிட்டமே.”

“இனி வாற ஆக்களாவது அனுபவிக்கட்டும்.”

அவருடைய மனைவி அப்படியே எழுதிக் கொடுத்தார். வரவேற்புப் பெண் படித்துவிட்டு, உடனே மேலாளரிடம் சொல்வதாகத் தலையாட்டினாள்.

அடுத்தது நாங்கள். கயிறு கட்டியபடியேதான் இருந்தது. நான் மட்டும் வரவேற்பு மேசையோரப் பித்தளைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.