கீறாத ரொட்டி

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் விஸ்வேஸ்வரன் அவர்களே! படத்துக்கு ஆளுயர மாலை வாங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உறவினர் பெருமக்களே! உட்கார இடமில்லாமல் பின்னால் நிற்கும் செல்லூர்த் தறிக்காரப் பெண்களே! பாண்டியம்மாளின் வணக்கம்.

'அன்னமிட்ட அன்னை' என்று நோட்டீஸில் போட்டிருக்கிறீர்கள். எங்கள் ஒச்சாயி டீச்சர் பார்த்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார். உயிரோடு இருந்தபோது ஒரு நாளாவது அவரை அப்படிக் கூப்பிட்டிருப்பீர்களா?

பசுமலைப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவர். கூட வேலை பார்த்த அயர்லாந்து அம்மா ஒருவரிடம் சோடா ரொட்டி சுடப் பழகினார். அந்த அம்மா அதை 'ஸ்கோன்' என்பாராம். செல்லூரில் அது டீச்சர் ரொட்டி. மாவு, சமையல் சோடா, உப்பு, புளித்த மோர், அவ்வளவுதான். இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, மூடிமேல் தணலைக் கொட்டி, வீட்டிலேயே சுட்டார்.

தறிக்காரப் பெண்கள் எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். இட்லிக்குப் பழகிய கை சும்மா இருக்குமா? மாவைப் பிசைந்து, பொங்கட்டும் என்று விடிய விடிய மூடி வைத்தோம். ரொட்டி கல்லாகிப் போனது. "ஏன்டி, இட்லி மாவாடி இது? மோரு பட்டதும் அடுப்புல ஏத்தணும்டி! எம்புட்டுத் தடவ சொல்றது?" என்று தெருவே கேட்கத் திட்டினார். மறுநாள் அவரே மோர்ச் செம்போடு வந்து நின்றார்.

சபையோரே! சாவு விழுந்த துட்டி வீட்டில் அடுப்பு எரியாது. அழுது ஓய்ந்த வீட்டில் பிள்ளைகள் பசியாறியது யார் கூடையில்? டீச்சர் கூடையில்! எழுபத்தாறாம் வருஷம் தன் மாமனார் இறந்தபோதும் அதே கூடையைத்தான் தூக்கிப் போனார். ஒவ்வொரு ரொட்டி மேலும் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கீறல். அதைப் பார்த்தார், இதோ முன்வரிசையில் இருக்கும் அவருடைய கொழுந்தனார் விருமாண்டி.

"மதினி வேதத்துல சேந்துருச்சுடா! சிலுவை போட்டுக் கொண்டாந்துருக்கு!"

"தம்பி, கீறலைன்னா நடு வேகாதுய்யா."

யார் கேட்டார்கள்? கூடையைத் தெருவில் கொட்டினார்கள். அன்றிலிருந்து மாசிப் பச்சைத் திருவிழாவுக்குக் குலசாமி கோயிலில் டீச்சரின் பொங்கல் அடுப்புக்கு இடமில்லை. அரிசியும் பானையுமாகப் போவார், அப்படியே திரும்புவார். ஆனாலும் வருஷா வருஷம் போனார். "சாமி எனக்கும் சாமிதான்டி" என்பார்.

போன வாரம் கண்ணை மூடினார். "அடக்கம் பண்ண வேதக்கோயில்ல போய்க் கேளுங்க" என்றீர்கள், விருமாண்டி அண்ணே. சர்ச்சில் போய்க் கேட்டோம். அப்படி ஒரு பெயரே எங்களிடம் இல்லையே என்றார்கள். அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். பொழுது சாயும் வரை அந்த உடம்பு வாசலில் கிடந்தது! கொள்ளி வைக்க ஒரு கை நீளவில்லையே! கடைசியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தத்தனேரிச் சுடுகாடு வரை தோள் கொடுத்தது, பின்னால் நிற்கிறார்களே, இந்தப் பெண்கள்தான்.

இன்று டீச்சர் நினைவாக உங்கள் கையில் ஆளுக்கொரு ரொட்டி. ஆரப்பாளையத்தில் ஒரு கடையில் சொல்லிச் செய்திருக்கிறார் தலைவர். "கீறல் வேண்டாம்மா, எதுக்கு வம்பு?" என்று என்னிடமே சொன்னார். சரி, எல்லோரும் பிட்டுப் பாருங்கள். கூச்சப்படாமல் பிட்டுப் பாருங்கள் ஐயா! நடுவில் பச்சை மாவு.

டீச்சரின் சட்டியும் மணலும் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. நாளை முதல் அடுப்பு எரியும். யார் வீட்டிலும் துக்கம் வர வேண்டாம். வந்தால் கூடை வரும். விருமாண்டி அண்ணே, உங்க வீட்டுக்கும் வரும். கீறித்தான் கொண்டு வருவோம்.