போலி பேரிங்குக்கு இடங்கொடாத எங்கள் அக்காவுக்கு

இரைச்சலைக் கேட்டே எந்திரத்தின் நோயறிந்த மருத்துவரே! அட்டைப்பெட்டி ஆலையின் அச்சாணியே! அதட்டாமலே எங்களை ஆண்டவரே! பணி ஓய்வு பெறும் பராமரிப்பு மேலாளரே, எல்லோருக்கும் அக்காவே, வணக்கம்!

கமிஷனுக்குக் கைநீட்டிய கொள்முதல் அதிகாரி, நல்ல கம்பெனி முத்திரை குத்திய போலி பேரிங்குகளை வாங்கிக் குவித்த காலம் அது. எந்திரங்கள் அடிக்கடி பழுதாகி நின்றன, தொழிலாளர் சோம்பேறிகள் என்று பழி விழுந்தது, ஊக்கத்தொகை பறிபோனது. அப்போது, போலியைக் கண்டுபிடித்த தங்கள் வாயை அடைக்க அறைக்கு வந்த பேரிங் வியாபாரி, "எல்லாரும் வாங்குறதுதானே மேடம்! பொண்ணோட காலேஜ் ஃபீஸ நாங்க பாத்துக்கிறோம்" என்று பல்லிளித்தார். அந்தக் கட்டணத்துக்கு வழிதெரியாமல் தாங்கள் தவித்திருந்த வாரம் அது என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். "இங்க வேலை செய்யறவங்க பிள்ளைங்களும் படிக்கணுமே!" என்று வாசலைக் காட்டினீர்கள்.

முதலாளியை எந்திரக்கூடத்துக்கே அழைத்து, உடைந்த பேரிங்கை அவர் கையில் வைத்தீர்கள். "மெஷின நிறுத்தினா ஆர்டர் போயிடும்மா" என்றார். "ஆர்டர் போய்க்கிட்டேதான் சார் இருக்கு. இந்தச் சத்தத்துல நமக்குக் கேக்கல" என்றீர்கள். கொள்முதல் அதிகாரியோ முதலாளியின் மைத்துனர். பாவம், மனைவி முகத்தைப் பார்ப்பதா, எந்திரத்தைப் பார்ப்பதா என்று தடுமாறிய முதலாளி, தங்களைக் கழிவு அட்டைக் கிடங்குக்குத் தூக்கியடித்தார். முணுமுணுக்காமல் போனீர்கள், வீட்டில் அழுதீர்கள் என்று தங்கள் கணவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

சில மாதங்களில் பெரிய எந்திரம் இறுகி நின்றது. பெரிய வாடிக்கையாளர் கைகழுவினார். எங்களில் பாதிப்பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டோம். முதலாளி தாமே கிடங்குக்கு நடந்து வந்தார். அதுவரை "ஏம்மா" என்றவர், "அக்கா, வாங்க" என்றார்.

"என் ரூம் அப்புறம் சார். மொதல்ல வீட்டுக்கு அனுப்பினவங்களக் கூப்பிடுங்க" என்றீர்கள்.

அழைத்தார். மைத்துனர் விலக்கப்பட்டார்; நல்ல பேரிங் வந்தது; போன வாடிக்கையாளரும் ஆண்டு திரும்புமுன் திரும்பினார்.

போன வாரம், தாங்கள் ஓய்வு பெறும் சேதியை மோப்பம் பிடித்து, புது வியாபாரி ஒருவர் வந்தார். "மேடம் இனிமே இல்லையாமே?" என்று குழைந்தார். தங்கள் இடத்துக்கு வரும் ஃபிட்டர், தலைநிமிராமலே சொன்னார்: "அக்காதாங்க ரிட்டயர் ஆகுறாங்க. நாங்க ஆகல."

ஆகவே, கவலையின்றி வீடு செல்லுங்கள், அக்கா! நோயின்றி, நொடியின்றி, நெடுங்காலம் வாழுங்கள்!

தங்களால் தலைநிமிர்ந்து நிற்கும்
ஆலைத் தொழிலாளர், அலுவலர் அனைவரும்